ஐபோன் பெக்கப்பை டி டிரைவுக்கு மாத்தினவை விபரமாச் சொல்லுங்கோ

கொக்குவில்:
முதல்ல மென்பொருளின்ரை செட்டிங்ஸைப் பாருங்கோ. உதாரணத்துக்கு, வீடியோ எடிட் பண்ணுற பிரீமியர் புரோவிலை மீடியா கேஷ் எண்ட தற்காலிக ஃபைல்களுக்கு இடம் மாத்துற வசதி உள்ளையே இருக்கு. கலியாண வீடியோ எடிட் பண்ணுற ஸ்டூடியோக்காரருக்கு அது போதும். ஐபோன் பெக்கப் எடுக்கிற ஐடியூன்ஸிலை அப்பிடி ஒரு வசதி இல்லை. ஜங்ஷன்தான் வழி, அதாவது பழைய ஃபோல்டர் இருந்த இடத்திலை நிண்டு புது ஃபோல்டரைக் காட்டுற ஒரு லிங்க்.

ஆப்பிள் தளத்திலை இறக்கின ஐடியூன்ஸ் எண்டால், யூசர் ஃபோல்டருக்குள்ளை ஆப்டேட்டா, ரோமிங், ஆப்பிள் கொம்பியூட்டர், மொபைல்சிங்க், பெக்கப் எண்டு போங்கோ. மைக்ரோசொஃப்ட் ஸ்டோரிலை எடுத்ததெண்டால் யூசர் ஃபோல்டருக்குள்ளை ஆப்பிள், மொபைல்சிங்க், பெக்கப்.

ஐடியூன்ஸை மூடிப்போட்டு, விண்டோஸோடை வாற ரோபோகொப்பி எண்ட கட்டளையாலை ஸ்லாஷ் இ (உள் ஃபோல்டர்களும் சேர) போட்டு டி டிரைவுக்குக் கொப்பி எடுங்கோ. கட் பண்ணி ஒட்டவேண்டாம். இடையிலை கரண்ட் போனால் பாதி அங்கை, பாதி இஞ்சை. முடிவிலை வாற அட்டவணையிலை ஃபெயில்ட் நிரல் முழுக்க 0 ஆக இருக்கவேணும். பிறகு பழைய ஃபோல்டரை அழிக்காமல் பெயரை மட்டும் மாத்துங்கோ. சிஎம்டியிலை (கொமாண்ட் புரொம்ட்) ஜங்ஷன் போடுற கட்டளை இது: எம்கேலிங்க், ஸ்லாஷ் ஜே, அடுத்து பழைய பாதை, கடைசியா புதுப் பாதை. 'ஆப்பிள் கொம்பியூட்டர்' எண்டதிலை இடைவெளி இருக்கு, அதாலை பாதைகளை இரட்டை மேற்கோளுக்குள்ளை போடுங்கோ.

சுன்னாகம்:
அண்ணை சொன்னதோடை இதையும் சேருங்கோ. ரோபோகொப்பிக்கு /R:2 /W:5 எண்டும் குடுங்கோ, அதாவது 5 செக்கன் இடைவெளியிலை 2 தரம் மட்டும் திரும்ப முயற்சி. குடுக்காட்டி, பூட்டுப்பட்ட ஒரு ஃபைலுக்காக 30 செக்கனுக்கு ஒருக்கா 10 இலட்சம் தரம் முயற்சிக்கும். கொம்பியூட்டர் இறுகிப்போச்சு எண்டு நினைப்பியள். லிங்க் போடேக்கை 'ஏற்கெனவே இருக்கு' எண்டு பிழை வந்தால் பழைய ஃபோல்டரின்ரை பெயர் மாறேல்லை. பவர்ஷெல்லுக்கு எம்கேலிங்க் தெரியாது, சிஎம்டியிலைதான் அடிக்கவேணும்.

தயவுசெய்து ஆப்டேட்டா முழுவதையும் மாத்த வெளிக்கிடாதேங்கோ. அதின்ரை லோக்கலுக்குள்ளை 'அப்ளிக்கேஷன் டேட்டா' எண்ட ஜங்ஷன் திரும்ப லோக்கலையே காட்டும். கொப்பி சுத்திச் சுத்தி ஒரே இடத்துக்குள்ளை இறங்கிக்கொண்டே போகும்.

நல்லூர்:
புதுசா ஒரு பெக்கப் எடுத்து, டி டிரைவிலை மனிஃபெஸ்ட் டிபி எண்ட ஃபைலின்ரை (பெக்கப்பின்ரை அட்டவணை) திகதி மாறியிருக்கோ எண்டு பார்த்த பிறகுதான் பெயர் மாத்தி வைச்ச பழைய ஃபோல்டரை அழிக்கலாம்.

யூஎஸ்பி டிஸ்க்குக்கு மாத்துறவை அந்த டிஸ்க்கை எக்ஸ்ஃபெட் எண்ட ஃபோர்மட்டிலை வைக்காதேங்கோ. அதுக்கு ஜேர்னல் (மாற்றங்களை முதல்ல குறிச்சு வைக்கிற பதிவு) இல்லை, எழுதிக்கொண்டிருக்கேக்கை கரண்ட் போனால் ஃபைல் அட்டவணையே குழம்பலாம். என்டிஎஃப்எஸ் நல்லம். டிஸ்க் மனேஜ்மெண்டிலை அந்த டிஸ்க்குக்கு டிரைவ் எழுத்தா எக்ஸ் மாதிரிக் கடைசி எழுத்து ஒண்டைக் குடுத்துவிடுங்கோ. இல்லாட்டி, பென் டிரைவ் ஏதும் முந்திக் குத்தினால் டிஸ்க்குக்கு இருந்த ஈ மாதிரி எழுத்து அதுக்குப் போயிடும், லிங்க் வெறுமையாக் கிடக்கும்.