பிரிடேட்டரி ஜர்னலுக்கு என்ன சொல்?

டர்பனிலிருந்து:

வணக்கம். ஆய்வு மாணவர்களுக்கான தமிழ்க் கையேட்டில் பதிப்பு நெறி பற்றிய பகுதி நடக்கிறது. கருத்துத் திருட்டு, இணையாசிரியர் உரிமை, கட்டுரையைத் திரும்பப் பெறுதல் எல்லாம் தடையில்லாமல் ஓடின. பிரிடேட்டரி ஜர்னலில் வந்து நின்றுவிட்டேன். துறை வல்லுநர் யாரும் படித்துப் பார்க்காமலே, காசு வந்ததும் ‘ஏற்றுக்கொண்டோம்’ என்று மடல் போடும் இதழ்களைத்தான் சொல்கிறேன். ‘வேட்டை இதழ்’, ‘இரைகொல்லி இதழ்’ என்று எழுதிப் பார்த்தேன். இரண்டும் ஒட்டவில்லை.

அந்த ஆங்கிலப் பெயரை 2010 வாக்கில் பரப்பியவர் ஜெஃப்ரி பீல் என்ற அமெரிக்க நூலகர். அதன்படி ஆய்வாளர் இரை, இதழ் விலங்கு. நம் தென்னாப்பிரிக்காவின் கணக்கு வேறு. ஏற்பளிக்கப்பட்ட இதழில் ஒரு கட்டுரை வந்தால் உயர்கல்வித் துறை பல்கலைக்கழகத்துக்கு ஒரு லட்சம் ராண்டுக்கு மேல் மானியம் தருகிறது. சில இடங்களில் அதில் ஒரு பங்கு எழுதியவர் கைக்கே போகிறது. ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகத்தின் யோஹன் மூட்டனும் ஆஸ்ட்ரிட் வேலன்டைனும் 2017இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். 2005 முதல் 2014 வரை தென்னாப்பிரிக்கர்கள் எழுதிய ஏறத்தாழ 4,000 கட்டுரைகள் இப்படிச் சந்தேகப்பட வேண்டிய 48 இதழ்களில் வந்திருந்தன. 2011க்குப் பிறகுதான் ஏற்றம் அதிகம். எல்லாரும் ஏமாந்தா போட்டார்கள்? தெரிந்தே போட்டவரை ‘இரை’ என்றால் சிரிப்புத்தான் வரும். இழந்தது வரி கட்டியவர் காசு.

பிரிட்டோரியாவிலிருந்து:

‘பணம்பிடுங்கி இதழ்’ என்று வையுங்கள் தம்பி. யாருக்கும் விளக்கவே வேண்டாம்.

டர்பனிலிருந்து:

ஐயா, கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பணம் வாங்குவது மட்டும் குற்றமில்லையே. 2013இல் ஜான் பொஹானன் என்ற செய்தியாளர், வேண்டுமென்றே பிழைகள் வைத்த பொய்க் கட்டுரையை, யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய 304 திறந்தநிலை இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. எழுதுபவரிடம் கட்டணம் வாங்கும் ப்ளோஸ் ஒன் என்ற இதழ் அதைக் குறை சொல்லித் திருப்பி அனுப்பியது. பெரிய பதிப்பகங்களின் இதழ்கள் சில மாட்டிக்கொண்டன. பணத்தைப் பெயரில் வைத்தால் நேர்மையான இதழ்கள் மீதும் சேறு விழும்.

கேப் டவுனிலிருந்து:

அப்படியானால் ‘போலி இதழ்’? இல்லை, ‘கண்மூடி இதழ்’? ‘சரிபாரா இதழ்’ கூடச் சொல்லலாம்.

டர்பனிலிருந்து:

‘போலி’யை வேறொன்றுக்கு வைத்துக்கொள்ள வேண்டும். உண்மையான இதழின் பெயரையும் பதிவு எண்ணையும் திருடி அதே மாதிரி இணையதளம் நடத்துகிறார்களே, அதுதான் போலி இதழ். ‘கண்மூடி’ என்றால், எழுதியவர் பெயரை மறைத்து நடத்தும், ஆங்கிலத்தில் ‘பிளைண்ட் ரிவ்யூ’ எனப்படும் நல்ல மதிப்பாய்வோடு மாணவர்கள் குழப்பிக்கொள்வார்கள்.

‘சரிபாரா’வை நானும் யோசித்தேன். ஆனால் 10 நாடுகளைச் சேர்ந்த வல்லுநர்கள் கூடி 2019இல் நேச்சர் இதழில் ஒரு வரையறை வெளியிட்டார்கள். பொய்யான தகவல், பதிப்பு நெறியிலிருந்து விலகல், வெளிப்படைத்தன்மை இல்லாமை, விடாமல் மடல் அனுப்பி நச்சரிப்பது ஆகியவற்றை அடையாளமாகச் சொன்னார்கள். மதிப்பாய்வின் தரத்தைச் சேர்க்கவில்லை. உள்ளே நடப்பதை வெளியிலிருந்து எப்படி அளப்பது?

எனக்கு ‘ஏய்ப்பிதழ்’ பிடித்திருக்கிறது. வரி ஏய்ப்பு என்று எல்லாரும் சொல்கிறோம். அதில் ஏமாற்றுவதும் உண்டு, கடமையிலிருந்து நழுவுவதும் உண்டு. இதழ் ஆய்வாளரை ஏய்த்தாலும் சரி, இருவரும் கூட்டுச் சேர்ந்து அரசை ஏய்த்தாலும் சரி, சொல் தாங்கும். ஏய்ப்பு மாநாடு, ஏய்ப்புப் பதிப்பகம் என்று நீட்டவும் செய்யலாம். வீட்டில் ஆங்கிலம் பேசும், இங்கே டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதிப் பிள்ளைகளுக்கும் ‘இரைகொல்லி’யைவிட இது வாயில் நுழையும்.

பீட்டர்மரிட்ஸ்பர்க்கிலிருந்து:

ஒரு தடை சொல்கிறேன். அதே 2019 வரையறையில், ஏமாற்றும் நோக்கம் இருந்ததா என்பதையும் விட்டுவிட்டார்கள். ‘ஏய்ப்பு’ என்றாலே நோக்கம் வந்துவிடுகிறதே. ஓய்வுபெற்ற இரண்டு பேராசிரியர்கள் தட்டுத்தடுமாறி நடத்தும் சிறு இதழையும் இதில் தள்ளிவிடுவார்கள்.

டர்பனிலிருந்து:

அக்கா, சரியான கேள்வி. நோக்கத்தை நிரூபிக்க முடியாது என்பதால்தான் விட்டார்கள். பொய்யை நிரூபிக்க முடியும். சம்மதம் கேட்காமல் ஒருவர் பெயரை ஆசிரியர் குழுவில் போடுவது, இதழின் கட்டுரைகள் எவ்வளவு மேற்கோள் காட்டப்படுகின்றன என்று சொல்லும் தாக்க எண்ணை இல்லாமலே காட்டுவது, கட்டணத்தை மறைத்துவிட்டுக் கட்டுரையை ஏற்ற பிறகு கேட்பது, இவையெல்லாம் எழுத்தில் இருக்கும். அவற்றைக் கொண்டுதான் ஏய்ப்பு என்கிறோம். நீங்கள் சொல்லும் சிறு இதழ் தன்னைப் பற்றி உள்ளதைச் சொன்னால் இந்தப் பெயர் அதற்குப் பொருந்தாது. வறுமை வேறு, ஏய்ப்பு வேறு. இந்த வேறுபாடு நமக்கு முக்கியம். நம் தென்னாப்பிரிக்க அறிவியல் கழகம் இங்கே நடத்தும் சயெலோ என்ற திறந்தநிலை இதழ்த் தொகுப்பின் தாய் அமைப்பையே, பீல் 2015இல் ‘பதிப்புச் சேரியா?’ என்று கேட்டு எழுதினார். தெற்கு நாடுகளின் இதழ் என்றாலே மட்டமாகப் பார்க்கும் அந்தப் பார்வை நம் சொல்லுக்குள் வர வேண்டாம்.

கேப் டவுனிலிருந்து:

எனக்குச் சம்மதம். தெரியாமல் அதில் எழுதிவிட்ட மாணவருக்கு என்ன பெயர்?

டர்பனிலிருந்து:

தனிப்பெயர் எதுவும் வேண்டாம். ‘ஏய்ப்பிதழில் கட்டுரை வெளியிட்டவர்’ போதும், முத்திரை குத்த வேண்டியதில்லை. கையேட்டில் முதல் முறை வருமிடத்தில் ‘ஏய்ப்பிதழ், அதாவது பிரிடேட்டரி ஜர்னல்’ என்று போடுகிறேன். தேடுபவர்கள் அந்தச் சொல்லைக் கொண்டுதான் தேடுவார்கள். மறுப்பு இருந்தால் அச்சுக்குப் போகுமுன் சொல்லுங்கள்.