ஹிமாலயன் 450, வீ-ஸ்ட்ராம் எஸ்எக்ஸ், 390 அட்வென்ச்சர்: நெடும்பயணத்துக்கு வாங்கும்போது வாரண்டியை எப்படி எடைபோடுவது?

குற்றாலத்தான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் தென்காசியில் வசிக்கிறேன். இப்போது வைத்திருக்கும் 150 சிசி வண்டியை அலுவலகத்துக்கு வைத்துக்கொண்டு, நெடும்பயணத்துக்கென்று தனியாக ஒரு வண்டி வாங்க எண்ணியிருக்கிறேன். வால்பாறை, மூணாறு, கொல்லிமலை என வார இறுதிப் பயணங்கள், ஆண்டுக்கு ஒருமுறை ஹம்பி அல்லது கோவா, என்றாவது ஒரு நாள் லடாக் என்பதுதான் திட்டம். ஆண்டுக்குப் பதினைந்தாயிரம் கிலோமீட்டர் வரை ஓடும் என்று நினைக்கிறேன்.

ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450, சுசுகி வீ-ஸ்ட்ராம் எஸ்எக்ஸ், கேடிஎம் 390 அட்வென்ச்சர் ஆகிய மூன்றையும் ஓட்டிப் பார்த்துவிட்டேன். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்து, அதற்கு மேற்பட்டவற்றுக்கு 40 சதவீதமாக உயர்ந்ததால் சுசுகிக்கும் மற்ற இரண்டுக்கும் விலையில் நல்ல இடைவெளி இருக்கிறது. ஆனால் என் கவலை விலை அல்ல. வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு நிறுவனத்தின் சர்வீஸ் சென்டர் மட்டுமே இருக்கிறது. மற்ற இரண்டுக்கும் நான் திருநெல்வேலிக்குப் போக வேண்டும், அங்கும் முடியாவிட்டால் மதுரைக்கு. வண்டியின் உறுதியையும் வாரண்டியையும் எப்படிச் சேர்த்துப் பார்ப்பது? எந்த வண்டி அழகு, எதில் வேகம் அதிகம் என்ற விவாதம் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஜாப்கார்டு எழுதியது:

நான் ஓசூரில் பல ஆண்டுகள் சர்வீஸ் அட்வைசராக இருந்தவன். எந்த நிறுவனம் என்பது இங்கே தேவையில்லை. நடைமுறை எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

விளம்பரத்தில் ஆண்டுக்கணக்கைத்தான் பெரிய எழுத்தில் போடுவார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது அதன் பக்கத்தில் உள்ள கிலோமீட்டரையும், ‘எது முன்னால் வருகிறதோ அது’ என்ற வரியையும். மூன்று ஆண்டு அல்லது 30,000 கிலோமீட்டர் என்றால், உங்கள் ஓட்டத்துக்கு அது இரண்டே ஆண்டு வாரண்டிதான். அதே காரணத்தால், 2023 ஜூலையில் டிரையம்ஃப் ஸ்பீடு 400 வந்தபோது இரண்டு ஆண்டு என்றாலும் கிலோமீட்டர் வரம்பு இல்லை என்று அறிவித்ததும், சர்வீஸ் இடைவெளியை 16,000 கிலோமீட்டராக வைத்ததும் அதிகம் ஓட்டுபவர்களுக்குப் பெரிய செய்தியாக இருந்தன. உங்கள் பட்டியலில் அது இல்லாவிட்டாலும் ஒப்பிடும் முறைக்காகச் சொல்கிறேன்.

அடுத்து, வாரண்டி என்பது தயாரிப்புக் குறைக்கு மட்டும். செயின் ஸ்ப்ராக்கெட், பிரேக் பேட், கிளட்ச் பிளேட், ஃபில்டர், கேபிள் ஆகியவை தேய்மானப் பொருள்கள் என்று ஒதுக்கப்பட்டிருக்கும். டயருக்கும் பேட்டரிக்கும் அவற்றைத் தயாரித்த நிறுவனங்களே பொறுப்பு. லடாக்கின் கார்துங் லா கணவாயில் ஏறும்போது அரை கிளட்ச்சிலேயே ஓட்டிக் கருக்கிய பிளேட்டை வாரண்டியில் கேட்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆற்றைக் கடக்கும்போது எஞ்சினுக்குள் நீர் புகுந்தாலும் அதே பதில்தான், வண்டியின் மேல் ‘அட்வென்ச்சர்’ என்று எழுதியிருந்தாலும் சரி.

வாரண்டி மறுக்கப்படுவதற்கு நான் அதிகம் கண்ட காரணம், வண்டியில் பிறகு சேர்த்த விளக்குகள். பயணம் போகிறவர்கள் முதலில் செய்வது ஃபாக் லைட் மாட்டுவது. கடைக்காரர் ஹெட்லைட்டுக்குப் பின்னால் உள்ள வயர்க் கட்டில் ஒரு வயரின் தோலைச் சீவி, புதிய வயரை அதில் சுற்றி, இன்சுலேஷன் டேப் ஒட்டிக் கொடுத்துவிடுவார். ஒரு மழைக்காலம் போனால் டேப்பின் பசை இளகி, உள்ளே செம்பில் பச்சை பூத்துவிடும். பிறகு மீட்டர் கன்சோல் அணைந்து அணைந்து எரியும், அல்லது ரெகுலேட்டர் போகும். நிறுவனத்திலிருந்து வரும் பொறியாளர் அந்த ஒரு வெட்டைப் படம் எடுத்தால் போதும், மின்சார அமைப்பு முழுவதற்குமான கோரிக்கை திரும்பி வந்துவிடும். விளக்கு தேவை என்றால் நிறுவனமே விற்கும் துணைப்பொருளை டீலரிடமே மாட்டி, அதன் பில்லையும் வைத்துக்கொள்ளுங்கள். வெளியில்தான் மாட்டுவீர்கள் என்றால் பேட்டரியிலிருந்து ஃபியூஸுடனும் ரிலேயுடனும் தனி வயரிங் போடச் சொல்லுங்கள். மூல வயரில் கத்தி படக்கூடாது.

பழைய கார்புரேட்டர் எழுதியது:

மேலே நண்பர் வாரண்டியைப் பற்றிச் சொல்லிவிட்டார். நான் வண்டியின் உறுதியைப் பற்றிப் பேசுகிறேன். வண்டி எத்தனை முறை கெடும் என்பதைவிட எப்படிக் கெடும் என்பதுதான் நெடும்பயணத்தில் முக்கியம். ஹேண்டில் கோன்செட் (ஹேண்டில் திரும்பும் இடத்துப் பேரிங்) தேய்ந்தால் கடகடவென்று சத்தம் வரும், எரிச்சலாக இருக்கும், ஆனாலும் வீடு வந்து சேரலாம். பெட்ரோல் பம்ப்போ ஏதாவது சென்சாரோ போனால் இருந்த இடத்திலேயே நிற்க வேண்டியதுதான். அதைச் சரிசெய்ய லேப்டாப்பும் உதிரிப்பாகமும் உள்ள சர்வீஸ் சென்டர் வேண்டும், சாலையோர மெக்கானிக்கால் ஒன்றும் செய்ய முடியாது.

இந்தக் கண்ணோட்டத்தில் எனக்கு சுசுகிதான் முன்னால் நிற்கிறது. 2022-ல் வந்த வீ-ஸ்ட்ராம் எஸ்எக்ஸில் உள்ள 249 சிசி எஞ்சின், 2019-ல் ஜிக்ஸர் 250-உடன் வந்த அதே ஆயில்-கூல்டு எஞ்சின். ரேடியேட்டர், கூலன்ட், தண்ணீர்க் குழாய் எதுவும் இல்லாததால் ஒழுகுவதற்கும் அடைபடுவதற்கும் அந்த அளவுக்கு இடம் குறைவு. எடை 167 கிலோ என்பதால் சேற்றில் சாய்ந்தால் தனியாளாகத் தூக்கி நிறுத்தலாம். ஹிமாலயன் 196 கிலோ. குறை என்று சொன்னால் 12 லிட்டர் டேங்க்கையும், நான்கு வழிச்சாலையில் நாள் முழுவதும் நூறுக்கு மேல் போகும்போது தெரியும் சக்திக் குறைவையும் சொல்வேன்.

ஹிமாலயன் 450-இன் எஞ்சின் ராயல் என்ஃபீல்டின் முதல் லிக்விட்-கூல்டு எஞ்சின். 2023 நவம்பரில்தான் வந்தது. 2016-ல் வந்த முதல் ஹிமாலயனில் தொடக்கத்தில் என்னென்ன குறைகள் பேசப்பட்டன என்பதும், மறு ஆண்டே ஃபியூயல் இன்ஜெக்‌ஷனுடன் திருத்திய வண்டி வந்ததும் பலருக்கு நினைவிருக்கும். புதிய எஞ்சின் எதுவாக இருந்தாலும் முதல் ஆண்டு வாங்குபவர்கள்தான் சோதனை ஓட்டிகள். ஆனால் 450-க்கு அந்தக் காலம் கடந்துவிட்டது; அதே எஞ்சின் 2024-ல் அந்த நிறுவனத்தின் மற்றொரு வண்டியான கெரில்லா 450-க்கும் போனதால் உதிரிப்பாகங்களின் புழக்கமும் கூடியிருக்கிறது. எனவே இன்று அதை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். டியூப்லெஸ் ஸ்போக் வீல் உள்ளதை மட்டும் கேட்டு வாங்குங்கள். தொடக்கத்தில் இங்கே டியூப் டயருடன்தான் விற்றார்கள். நெடும்பயணத்தில் வண்டி நிற்பதற்கு முதல் காரணம் பஞ்சர்தான், எந்த வாரண்டியும் அதற்கு உதவாது.

குற்றாலத்தான் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. இரண்டு ஐயங்கள். கேடிஎம்மின் தாய் நிறுவனம் ஆஸ்திரியாவில் திவால் நடவடிக்கைக்குப் போனதே, அதனால் இங்கே வாரண்டிக்குச் சிக்கல் வருமா? ராயல் என்ஃபீல்டு ஒரகடத்திலேயே தயாரிப்பதால் தமிழ்நாட்டில் இருக்கும் எங்களுக்கு உதிரிப்பாகம் விரைவில் கிடைக்கும் என்று டீலர் சொல்கிறார். அது உண்மையா?

ஜாப்கார்டு எழுதியது:

கேடிஎம் 2024 நவம்பரில் அந்த நடவடிக்கைக்குப் போனது. 2025 பிப்ரவரியில் கடன் கொடுத்தவர்கள் மறுசீரமைப்புத் திட்டத்தை ஏற்றார்கள், மே மாதம் பஜாஜ் ஆட்டோ 80 கோடி யூரோ நிதியுடன் முன்வந்தது. இந்தியாவில் 390 வரிசையை மகாராஷ்டிரத்தின் சாக்கனில் தயாரிப்பதும் விற்பதும் பஜாஜ்தான் என்பதால் இங்கே வாங்கும் வண்டிக்கு அது ஒரு காரணமாக எனக்குத் தோன்றவில்லை. கேடிஎம்மை நான் தள்ளிவைப்பதானால் தூரத்துக்காகத் தள்ளிவைப்பேன். அது கையேட்டில் சொன்ன நாளில் சொன்ன ஆயிலுடன் சர்வீஸ் கேட்கும் வண்டி. பக்கத்தில் ஆள் இல்லாதவருக்கு அது தொல்லை.

ஒரகடம் பேச்சை நம்ப வேண்டாம். தொழிற்சாலை பக்கத்தில் இருப்பதால் பாகம் உங்கள் டீலரின் அலமாரிக்குத் தானாக வந்துவிடாது. டீலர் ஆர்டர் போட்டால்தான் வரும், வேகமாக நகராத பாகத்தில் பணத்தை முடக்க எந்த டீலருக்கும் மனம் வராது. அதனால் வாங்குவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். மூன்று சர்வீஸ் சென்டருக்கும் நேரில் போய், ஷோரூம் பக்கம் போகாமல் உதிரிப்பாகக் கவுன்டருக்குப் போங்கள். கிளட்ச் கேபிள், கிளட்ச் லீவர், பெட்ரோல் பம்ப், முன்பக்க வீல் பேரிங் ஆகியவை இருப்பில் உள்ளனவா, இல்லையென்றால் எத்தனை நாளில் வரும் என்று கேளுங்கள். வெளியே நிற்கும் வண்டிகளில் தூசி படிந்தவை எத்தனை என்பதையும் பாருங்கள். பாகம் வராமல் காத்திருக்கும் வண்டிகள் அவைதான்.

சர்வீஸ் நாள் பயணத்தின் நடுவே வந்தால் கிளம்பும் முன்பே முடித்துவிடுங்கள், அல்லது வழியில் உள்ள அங்கீகரிக்கப்பட்ட சென்டரில் செய்து கையேட்டில் முத்திரை வாங்குங்கள். சர்வீஸ் தவறியது என்பதுதான் வாரண்டியை மறுக்க அவர்களுக்குக் கிடைக்கும் மிக எளிய வழி.

மனுதாரர் எழுதியது:

நான் வழக்கறிஞர், பைக்கும் ஓட்டுபவன். ஆவணம் பற்றி மட்டும் சொல்கிறேன். வண்டியை சர்வீஸுக்கு விடும்போது ஜாப் கார்டில் (செய்ய வேண்டிய வேலைகளை அவர்கள் எழுதும் தாள்) நீங்கள் சொல்லும் குறையை உங்கள் சொற்களிலேயே எழுதச் சொல்லுங்கள். ‘ஜெனரல் செக்கப்’ என்று எழுதினால் கையெழுத்துப் போடாதீர்கள். ‘சூடான பிறகு மூன்றாவது கியரில் எஞ்சின் அணைகிறது’ என்று கிலோமீட்டரோடு எழுதப்பட்டிருந்தால், அதே குறை வாரண்டி முடிந்த பிறகு மீண்டும் வந்தாலும், வாரண்டிக் காலத்திலேயே நீங்கள் முறையிட்டீர்கள் என்பதற்கு அது சான்று.

நியாயம் கிடைக்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் பதியலாம். பல விவகாரங்கள் அந்தக் கட்டத்திலேயே தீர்ந்துவிடுகின்றன. அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம், நிறுவனம் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் இல்லை. வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும்.

ரீகால் அறிவிப்புகளையும் கவனியுங்கள். 2021 மே மாதம் இக்னிஷன் காயில் குறைக்காக ராயல் என்ஃபீல்டு 2,36,966 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. அதைக் கேட்டுப் பலர் அந்த நிறுவனத்தையே குறை சொன்னார்கள். எனக்கென்னவோ குறையைத் தானே அறிவித்துச் செலவில்லாமல் மாற்றிக்கொடுக்கும் நிறுவனத்தின் மீதுதான் நம்பிக்கை கூடுகிறது. பழைய வண்டி வாங்குவதாக இருந்தால் சேசிஸ் எண்ணைக் கொடுத்து ரீகால் வேலை முடிந்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

குற்றாலத்தான் எழுதியது:

உதிரிப்பாகக் கவுன்டர்களுக்குப் போய்வந்தேன். வீட்டுக்கு அருகே உள்ள ராயல் என்ஃபீல்டில் கேபிளும் லீவரும் கையில் இருந்தன. பெட்ரோல் பம்ப்புக்கு ஒரு வாரம் என்றார்கள். மற்றோரிடத்தில் எதைக் கேட்டாலும் ‘ஆர்டர் போட்டால் வரும்’ என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. வீ-ஸ்ட்ராம் மீது மனம் இருந்தும், இப்போதைக்குத் தராசு ஹிமாலயன் பக்கம் சாய்கிறது. நீட்டிப்பு வாரண்டியை வாங்கும்போதே எடுக்க வேண்டுமா, பிறகு எடுக்கலாமா?

ஜாப்கார்டு எழுதியது:

பெரும்பாலும் மூல வாரண்டி முடிவதற்குள் எடுத்தால் போதும், ஆனால் தாமதமானால் கட்டணம் கூடக்கூடும். பணம் கட்டுவதற்கு முன் விதிமுறைத் தாளைக் கேட்டு வாங்கி, அதில் கிலோமீட்டர் வரம்பு எவ்வளவு, பெட்ரோல் பம்ப்பும் ஈசியூவும் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி) அடங்குமா, வண்டியை விற்றால் அடுத்தவர் பெயருக்கு மாறுமா என்ற மூன்றையும் பாருங்கள். உங்கள் ஓட்டத்துக்குக் கிலோமீட்டர் வரம்பு கூடாமல் ஆண்டு மட்டும் கூடும் திட்டம் என்றால் அதற்குக் காசு கொடுக்காதீர்கள்.