திறந்த மூல மருத்துவ மென்பொருளில் க்யூ.எம்.எஸ். (தர மேலாண்மை முறை) கொண்டுவந்தவர்கள், உங்கள் அனுபவம்?

ஓசூர்க்காரன்:
க்யூ.எம்.எஸ். என்றாலே ஓடியவன் நான். தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் எங்கள் மென்பொருள் ஓடுகிறது. 7.5 கிலோ குழந்தை. புள்ளி விழாமல் 75 என்று ஏறிவிட்டது. கிலோவுக்கு 15 மில்லிகிராம் கணக்கில் பாராசிட்டமால் சிரப் 45 மில்லி என்று திரை காட்டியது. பாட்டிலே 60 மில்லிதான்! நல்லவேளை, சிஸ்டர் திரையை நம்பவில்லை.

நேரில் போய் ஒரு மணி நேரத்தில் சரிசெய்துவிட்டுப் பெருமையாக நின்றேன். சிஸ்டர் தன் நோட்டை நீட்டினார். தப்பான எண்ணின் மேல் ஒரே கோடு, பக்கத்தில் சரியான எண், நேரம், கையெழுத்து. "நாங்க திருத்துனா இப்படித்தான் தம்பி. நீ இப்ப திருத்துனதுக்கு யாரு கையெழுத்து?"

அந்த வாரம்தான் ஐ.எஸ்.ஓ. 13485, அதாவது மருத்துவக் கருவிகளுக்கான க்யூ.எம்.எஸ். தரநிலை, படிக்க உட்கார்ந்தேன்.

பாலக்கோடு தக்காளி:
கையெழுத்தா? ஒரு மருத்துவக் கருவி கம்பெனியில் இருந்தேன், பெயர் வேண்டாம். ஆடிட்டுக்கு முந்தைய ராத்திரி, ஒன்றரை வருடப் பயிற்சிப் பதிவேட்டுக்கு ஒரே பேனாவில் கையெழுத்துப் போட்டோம். ஆடிட்டர் பக்கத்தைத் தடவினார். விரலில் மை. ஒன்றும் பேசாமல் டீ கேட்டார்.

அதனால் ஓசூர் தம்பி, 13485-இல் ஆரம்பிக்காதே. முதலில் ஐ.எஸ்.ஓ. 14971 படி அபாயப் பட்டியல் போடு: எடை தப்பினால் என்ன, ஆள் மாறினால் என்ன. அப்புறம் ஐ.இ.சி. 62304, மருத்துவ மென்பொருளை எப்படி உருவாக்கிப் பராமரிப்பது என்ற தரநிலை. உயிருக்கு ஆபத்து என்றால் சி வகுப்பு, இருப்பதிலேயே கடுமையானது. டோஸ் கணக்கைத் தனியாகப் பிரித்து வை, இல்லாவிட்டால் முகவரி எழுதும் பக்கத்துக்கும் அதே பாடுதான். வெளியிலிருந்து எடுத்த லைப்ரரி எல்லாம் 'சூப்' (SOUP), எப்படி உருவானது என்று நமக்குத் தெரியாத மென்பொருள். பதிப்பு எண்ணோடு பட்டியல் வேண்டும். யார் எழுதினார் என்பது நிரல் மாற்றங்களைப் பதியும் கிட்டிலேயே (Git) இருக்கிறது, யார் சரிபார்த்தார் என்பதையும் அதில் எழுதி வை, அதுதான் உன் கையெழுத்து. 2020 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டுச் சட்டத்தில் மென்பொருளும் மருத்துவக் கருவிக்குள் வருகிறது, உன்னுடையது அதில் சேருமா என்று பார். டெம்ப்ளேட் மட்டும் காசு கொடுத்து வாங்காதே.

அரூர் மலையடி:
அண்ணா, ஆஸ்பத்திரியில் எந்தப் பதிப்பு ஓடுகிறது என்று உங்கள் கிட் சொல்லுமா? மூன்று மாதம் முன் திருத்திய பிழை எங்கள் கிளினிக்கில் மறுபடி வந்து நின்றது. கரண்ட் போய் அப்டேட் பாதியில் செத்திருக்கிறது, யாருக்கும் தெரியவில்லை. இப்போது மானிட்டர் ஓரத்தில் பிளாஸ்திரி ஒட்டி, பதிப்பு எண்ணையும் தேதியையும் பேனாவில் எழுதுகிறோம். சிரிக்காதீர்கள்.

ஓசூர்க்காரன்:
டெம்ப்ளேட் போன மாதமே வாங்கிவிட்டேன் அண்ணா. பிளாஸ்திரி நல்ல யோசனை.