ப்ரீ ஆம்ப் (பவர் ஆம்ப்புக்கு முன்னாடி சிக்னலை ஏத்திக் கொடுக்கிறது) வாங்கணுமா, ஒரு பாட் (வால்யூம் திருகும் பொட்டென்ஷியோமீட்டர்) போதுமா?

வணக்கம் நண்பர்களே. என் பவர் ஆம்ப் 8 ஓமில் 100 வாட், கெயின் 26 டிபி, அதாவது 20 மடங்கு. முழு பவருக்கு ஸ்பீக்கரில் 28.3 வோல்ட் வரணும். அதுக்கு இன்புட்டில் 1.4 வோல்ட் போதும். டிஏசி (டிஜிட்டல் சிக்னலை அனலாக்கா மாத்தறது) 2 வோல்ட் தருது. அதனால டிஏசிக்கு ப்ரீ ஆம்ப் வேண்டாம், அதில் சந்தேகமே இல்லை.

சிக்கல் டர்ன்டேபிளில்தான். எம்எம் (மூவிங் மேக்னட்) கார்ட்ரிட்ஜ் தர்றது 5 மில்லிவோல்ட். அந்தச் சின்ன சிக்னலைப் பெருக்குற போனோ ஸ்டேஜ் 40 டிபி, அதாவது 100 மடங்கு, தூக்கினா 0.5 வோல்ட். ஸ்பீக்கருக்குப் போறது 10 வோல்ட், 12.5 வாட். இசையின் உச்சத்தில் இன்னும் ஏறும்தான், ஆனா சத்தம் கம்மியா வெட்டின ரிக்கார்டுக்கு இது பத்துமா?

செலக்டர் ஸ்விட்சும் 10 கே (கிலோஓம்) பாட்டும் ஒரு பெட்டியில் போடலாம்னு யோசனை. ஆனா போனோ ஸ்டேஜ் அவுட்புட்டில் 1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் இருக்கு. 10 கே லோடில் 16 ஹெர்ட்ஸில் 3 டிபி விழும். பாட்டை முழுசா திறந்தா ஆம்ப்பின் 20 கே இன்புட்டும் பேரலலா சேர்ந்து லோடு 6.7 கே ஆகி, அது 24 ஹெர்ட்ஸுக்கு ஏறிடும். 50 கே போட்டா பேஸ் தப்பிக்கும், ஆனா பாட்டோட அவுட்புட் இம்பீடன்ஸ் 12.5 கே வரை போகும். 20 கே இன்புட்டுக்கு அது ரொம்ப அதிகம்.

கெபாசிட்டரை 4.7 மைக்ரோஃபாரட் ஆக்கி 10 கே பாட்டே வைக்கலாமா, 46 டிபி போனோ ஸ்டேஜுக்கு மாறணுமா, இல்ல ஆக்டிவ் ப்ரீ ஆம்ப்தான் சரியா? செஞ்சு பார்த்தவங்க சொல்லுங்க.