ரெட்ரோவுல (முடிஞ்ச வேலையில எது சரியா நடந்துச்சு, எதை மாத்தணும்னு டீம் கூடிப் பேசுற கூட்டம்) நம்ம கையில இருக்கிறதை மட்டும் பிரிச்செடுக்கிறது எப்படி? நடத்துறவங்க சொல்லுங்க

மணலி, கன்டெய்னர் யார்டு:

யார்டுல ரெட்ரோ வச்சா முதல் பேச்சு எண்ணூர் ரோட்டு டிரெய்லர் வரிசைதான். அதைப் பேசாதீங்கன்னு அடக்கினா எல்லாரும் வாயை மூடிக்குவாங்க. எழுதி ஒட்டச் சொல்லுங்க. ஆளுக்கு 4 சீட்டு, சீட்டுக்கு ஒரு விஷயம், 7 நிமிஷம், பேச்சு கிடையாது. (ஷெட்டு ஃபேன் காத்துக்கு ஸ்டிக்கி நோட் நிக்காது, செல்லோடேப் வச்சுக்கங்க.)

அப்புறம் சார்ட் பேப்பர்ல ஒண்ணுக்குள்ள ஒண்ணா மூணு வட்டம். உள்ளே நாமளே மாத்தக்கூடியது, நடுவுல நாம கேட்டா இன்னொருத்தர் மாத்தக்கூடியது, வெளியே நம்மால ஆகாதது. டிரெய்லர் வரிசை வெளி வட்டம். ஆனா அந்தச் சீட்டை அப்படியே விட்டுடாதீங்க. "வரிசை குறையவே போறதில்லைன்னா நாம என்ன பண்ணுவோம்?"னு கேளுங்க. வண்டிங்க லேட்டா வந்து மொத்தமா குவியும்போது, பெட்டி எந்த அடுக்குல இருக்குன்னு தேடுறதுலதான் நேரம் போகுதுன்னு வெளிய வரும். நைட் ஷிப்டுல ரீச் ஸ்டாக்கர் (கன்டெய்னரைத் தூக்கி அடுக்குற வண்டி) நகர்த்தின பெட்டியோட புது இடம் சிஸ்டத்துல ஏறியிருக்காது. ஏன்? ஆபரேட்டர் வாக்கி டாக்கியில சொல்லிடுறாரு, பதியுற ஆள் அந்நேரம் கேட்டுல நிக்கிறாரு. இது முழுக்க உள் வட்டம்.

பெரம்பூர், சாஃப்ட்வேர் டீம்:

அண்ணன் சொன்னதுக்கு அடுத்த படி ஓட்டு. ஆளுக்கு 3 புள்ளி, உள் வட்டச் சீட்டுங்களுக்கு மட்டும். மேனேஜர் கடைசியா வைக்கணும். அவர் முதல்ல வச்சா மத்தவங்க புள்ளியும் அங்கேயே போய் விழும்.

எடுக்கிற வேலை ஒண்ணு, மிஞ்சினா ரெண்டு. "கம்யூனிகேஷனை இம்ப்ரூவ் பண்ணணும்"னு எழுதினா அடுத்த தடவையும் அதையேதான் எழுதுவீங்க. "வியாழன் 4 மணிக்குள்ள டெஸ்ட் டேட்டா ஷேர்டு ஃபோல்டர்ல இருக்கணும், பொறுப்பு இன்னார், அடுத்த ரெட்ரோ வரைக்கும்"னு எழுதுங்க. அந்த "வரைக்கும்" இருந்தா முரண்டு பிடிக்கிறவரும் சரி பார்க்கலாம்னு ஒத்துப்பார்.

ஸ்க்ரம்ல (வேலையை ஸ்பிரின்ட்னு சின்னச் சின்ன சுத்தாப் பிரிச்சுச் செய்யுற முறை) ஒரு மாச ஸ்பிரின்ட்டுக்கே ரெட்ரோ 3 மணி நேரம்தான் உச்சம். ரெண்டு வாரத்துக்கு ஒரு மணி நேரம் தாராளம். கடைசி 20 நிமிஷத்தை வேலையை முடிவு பண்ண ஒதுக்கிடுங்க, எப்பவும் அடிபடுறது அதுதான்.

ராயபுரம், ஒர்க்‌ஷாப்:

நடு வட்டத்தை விட்டுட்டீங்களே. "மேல சொல்லலாம்"னு எழுதி வச்சா ஒண்ணும் நகராது. யாருகிட்ட, யார் போறது, என்ன கணக்கோடன்னு அதே சீட்டுல எழுதணும். "ஸ்பேர் எப்பவும் லேட்டு"ன்னு போனா ஸ்டோர்ஸ்காரர் தலையைக்கூட நிமிர்த்த மாட்டார். எந்த பார்ட், அதைக் கேட்டு ஸ்டோர்ஸுக்கு இன்டென்ட் எழுதிப் போட்ட தேதி, கைக்கு வந்த தேதி, மூணையும் ஒரே பக்கத்துல வரிசையா போட்டு நீட்டுங்க.

அடுத்த ரெட்ரோவை, போன தடவை ஒத்துக்கிட்டது நடந்துச்சான்னு பார்த்துட்டுத்தான் தொடங்கணும். நடக்கலைன்னா ஆளைத் திட்டாதீங்க. வேலை பெருசா, நேரம் ஒதுக்கலையான்னு பாருங்க. சிலது நம்ம வட்டமே இல்லைன்னு அப்பதான் தெரியும். சீட்டைப் பிச்சு வெளிய ஒட்டிட்டு அடுத்ததை எடுங்க.