எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடியும் வெக்கை குறையாத ஷெட்: பார்த்ததைச் சொல்லுங்கள்

பனியன் யூனிட் மெயின்டனன்ஸ், திருப்பூர்
தகர ஷெட். 30 மீட்டர் நீளம், 15 அகலம், 6 உயரம். மேற்குச் சுவரில் 24 இஞ்ச் எக்ஸாஸ்ட் ஆறு, எல்லாம் புதுசு. உள்ளே புழுக்கம் அப்படியே. கிழக்குக் கதவை வெளியே இழுத்தால் வரவில்லை, முழு பலத்தோடு இழுக்க வேண்டியிருந்தது. திறந்த நொடியில் வாசலில் கிடந்த கட்டிங் துண்டெல்லாம் உள்ளே பறந்தது. அந்தக் கோடியில் ஆறு ஃபேனின் சத்தமும் ஒரே நேரத்தில் மாறியது. அந்தச் சத்தம்தான் இன்னும் காதில் இருக்கிறது.

தூசி வருகிறதென்று ஜன்னல் பூராவும் ஷீட் அடித்திருந்தார்கள். காற்று வர வழியில்லாமல் எதை வெளியே தள்ளும்? ஷெட் 2,700 கன மீட்டர். உள்ளே இருக்கும் காற்றை மணிக்கு 20 தடவை மாற்ற 54,000 கன மீட்டர், அதாவது நொடிக்கு 15. உள்ளே வரும் வேகம் நொடிக்கு 2.5 மீட்டர் என்று வைத்தால் 6 சதுர மீட்டர் திறப்பு வேண்டும். அங்கே கதவிடுக்கு மட்டும்தான் இருந்தது.

மோட்டார் ரீவைண்டிங், ஈரோடு
எல்லா இடத்துலயும் உள்வழிதான் காரணம்னு முடிவு கட்டிடாதீங்க. ஒரு சாயப்பட்டறைல சென்ட்ரிஃபியூகல் ப்ளோயர் (ஹவுசிங்குக்குள்ள சக்கரம் சுத்திக் காத்தைத் தள்ளுறது) மோட்டார் காயில் கட்டி மாட்டின பிறகு ஆவி வெளியே போகவே இல்ல. கிரில்லுல பேப்பரை வெச்சா ஒட்டுது, அதனால ஃபேன் நல்லாத்தான் இருக்குன்னு விட்டுட்டாங்க. ஹவுசிங் மேல அம்புக்குறி ஒரு பக்கம், புல்லி சுத்துறது மறுபக்கம்! இறக்கை வெச்ச ஃபேன் தலைகீழா சுத்தினா காத்து எதிர்ப்பக்கம் வரும், காத்து தள்ளித் திறக்கிற தகட்டு ஷட்டரே திறக்காது, உடனே தெரிஞ்சிடும். ப்ளோயர் அப்படியில்ல. தலைகீழா சுத்தினாலும் காத்து அதே வழியாத்தான் போகும், அளவு மட்டும் ரொம்பக் குறைஞ்சிடும். மூணு ஒயர்ல ரெண்டை மாத்திப் போட்டதும் சரியாச்சு. பேப்பர் டெஸ்ட்டை நம்பாதீங்க, அம்புக்குறியைப் பாருங்க.

ஷெட் டிசைன், கோவை
முதல் பதிவில் சொன்ன 20 தடவை என்ற கணக்கோடு எனக்கு உடன்பாடில்லை. வெக்கைதான் பிரச்சினை என்றால் வெப்பத்தை வைத்துக் கணக்கிடுங்கள். உள்ளே உருவாகும் வெப்பத்தை வாட்டில் எடுத்து மூன்றால் பெருக்கி, வெளிக்காற்றைவிட எத்தனை டிகிரி கூடலாமோ அதால் வகுத்தால் மணிக்கு எத்தனை கன மீட்டர் என்று வரும். அயர்ன், மெஷின் எல்லாம் சேர்த்து 30 கிலோவாட், 5 டிகிரி கூடலாம் என்றால் 18,000 போதும். கூரை வழியாக இறங்கும் வெயிலையும் அந்த வாட்டில் சேர்க்க மறக்கக் கூடாது, தகரத்தில் அது சின்னத் தொகை இல்லை. அப்புறம், கேட்லாக்கில் போட்டிருப்பது தடையில்லாத காற்றின் அளவு. ஷட்டர், வலை, டக்ட் (காற்றுக் குழாய்) சேர்ந்தால் அது கிடைக்காது.

இன்னொன்று. காற்று போதவில்லை என்று பெல்ட் ஃபேனில் மோட்டார் புல்லியைப் பெரிதாக்குகிறார்கள். வேகம் 10 சதவீதம் கூடினால் காற்றும் 10 சதவீதம்தான் கூடும், மின்சாரம் 33 சதவீதம் கூடும். மோட்டார் அதிகக் கரண்ட் இழுத்தால் நிறுத்தும் ஓவர்லோடு ரிலே ட்ரிப் ஆனதும் செட்டிங்கைத் தூக்கி வைப்பார்கள். காயில் கருகுவது அங்கேதான். புல்லியைத் தொடும் முன் ஆம்பியரை அளந்து, மோட்டார் பிளேட்டில் இருப்பதோடு ஒப்பிடுங்கள். மூன்று பெல்ட் ஓடும் இடத்தில் ஒன்று அறுந்தால் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள், புதியது மட்டும் முழு லோடையும் வாங்கிச் சீக்கிரம் போய்விடும்.

ஃபேப்ரிகேஷன் ஃபோர்மேன், ஓசூர்
வெக்கையைப் பத்தியே பேசுறீங்க, புகை? வெல்டிங் டேபிளுக்கு ரெண்டடி மேல 6 இஞ்ச் டக்ட் வாய். புகை நேரா வெல்டர் மூக்கு வழியாப் போய்த்தான் டக்ட்டுக்குப் போகுது. உறிஞ்சுற காத்து டக்ட் வாயிலிருந்து 6 இஞ்ச் தள்ளினாலே வேகத்துல பத்துல ஒரு பங்குதான் மிச்சம். பெரிய ஃபேன் போட்டுப் பிரயோஜனமில்ல. வாயைப் பக்கவாட்டுல, வெல்டுக்கு 6 இஞ்ச் கிட்ட கொண்டு வாங்க. பெடஸ்டல் ஃபேனை அந்தப் பக்கம் திருப்பாதீங்க: உறிஞ்சுறதும் கெடும், CO2 வெல்டிங்கா இருந்தா வெல்டை மூடிக் காக்குற கேஸ் கலைஞ்சு வெல்டுல ஓட்டை ஓட்டையா விழும்.

பனியன் யூனிட் மெயின்டனன்ஸ், திருப்பூர்
வெப்பக் கணக்கு சரிதான். ஆனால் 18,000க்கும் 2 சதுர மீட்டர் திறப்பு வேண்டும், கதவிடுக்கு போதாது. கிழக்குச் சுவரில் லூவர் (சாய்ந்த தகடு வைத்த காற்றுத் திறப்பு) வெட்டியாயிற்று. உள்பக்கம் கொசுவலை அடித்தார்கள், நாலே நாளில் பஞ்சு ஒட்டிப் பாதி அடைத்துவிட்டது. வலை போட்டால் திறப்பை இரட்டிப்பாக வெட்டுங்கள், கழற்றித் தட்ட வசதியாக ஃப்ரேமில் மாட்டுங்கள்.