காய்ச்சல் விட்டது, தூக்கம் திரும்பவில்லை

கேள்வி:
கொரோனா காய்ச்சல் விட்டு 18 நாள்கள் ஆகின்றன. காய்ச்சலின்போது பகலிரவு தெரியாமல் உறங்கிய நான், இப்போது இரவு 2 மணிக்கு இருமலோடு எழுந்து, விடியும்வரை மின்விசிறியைப் பார்த்தபடி கிடக்கிறேன். நோய் தணிந்த பிறகு தூக்கம் கெடுவது ஏன்?

மறுமொழி 1:
தொற்றின் உச்சத்தில் நோயெதிர்ப்பு அணுக்கள் சுரக்கும் இன்டர்லூக்கின்-1 போன்ற சைட்டோகைன்கள் (அணுக்களிடையே செய்தி கடத்தும் புரதங்கள்) மூளையில் செயல்பட்டு உறக்கத்தைக் கூட்டுகின்றன; அவை தணிந்ததும் அந்த மயக்கம் விலகிவிடும். ஆனால், தொற்றுக்குப் பிந்தைய இருமல் 3 முதல் 8 வாரங்கள் வரை நீடிக்கக்கூடும். படுத்தால் மூக்குச்சளி தொண்டையில் இறங்குவதால் அது இரவில்தான் வலுக்கும். தலைமாட்டை உயர்த்திப் பாருங்கள்.

மறுமொழி 2:
மருந்துச்சீட்டையும் பாருங்கள். எனக்கு எழுதித் தந்த பிரெட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டு மாத்திரையை இரவுச் சாப்பாட்டுக்குப் பின் விழுங்கியதே என் உறக்கத்தைக் கெடுத்தது. மருத்துவரைக் கேட்டுக் காலை வேளைக்கு மாற்றினேன், சரியாயிற்று. சில மூக்கடைப்பு மாத்திரைகளில் உள்ள சூடோஎஃபெட்ரினும் அப்படித்தான்.

கேட்டவர்:
ஸ்டீராய்டு எதுவும் இல்லை. ஆனால், பகலில் மூன்று மணி நேரம் தூங்கிவிடுகிறேன். அதைச் சொல்ல மறந்துவிட்டேன்.

மறுமொழி 1:
அதைத்தானே முதலில் சொல்லியிருக்க வேண்டும்! பிற்பகலில் அரை மணிக்கு மேல் வேண்டாம். மூச்சுத் திணறி விழித்தாலோ, சளியில் இரத்தம் தெரிந்தாலோ உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.